சீதனத் தொட்டி

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த நாலாம் நாள், ஒரு தேத்தண்ணி போட்டுக் குடிக்கலாம் என்று குசினிக்குள் போனேன். சீனிப் போத்தலைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கலியாணம் கட்டி முப்பத்திரண்டு வருடமான வீட்டில் சீனி எங்கே இருக்கிறதென்று தெரியாத மனிதனுக்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்களோ எனக்குத் தெரியாது. என் மனைவி பெயர் ஒன்றும் வைக்கவில்லை. வாசலில் வந்து நின்று, "உங்கை என்ன தேடுறியள்? தள்ளுங்கோ, உதிலை கையை வையாதேங்கோ" என்றாள்.

எங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சில் அங்கை, இஞ்சை என்பவற்றுக்கு நடுவே 'உங்கை' என்று ஒன்று உண்டு. கேட்பவருக்குப் பக்கத்தில் இருக்கும் இடத்தை அது குறிக்கும். நல்ல சொல்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த முதல் மாதத்தில் நான் எங்கே போய் நின்றாலும் அந்த இடம் உங்கை ஆகிவிட்டது. விறாந்தையில் கதிரையைப் போட்டால், "உங்கை இருந்தால் நான் எப்பிடிக் கூட்டுறது?" ஹோலுக்கு வந்தால், "உங்கை நிண்டால் ரீவி மறைக்குது." கிணற்றடிக்குப் போனால், "உங்கை சவுக்காரத்தை வைச்சது ஆர்?" வேறு யார், இந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர்தானே!

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அது அவளுடைய வீடு. சண்டிலிப்பாயில் அவளுடைய தகப்பன் சீதனமாக எழுதிக்கொடுத்த வீடு. எங்கள் பக்கத்தில் பெண் பிறந்த வீட்டிலேயே இருப்பாள், ஆண்தான் பெட்டியோடு வந்து ஏறுவான். நானும் கரவெட்டியிலிருந்து ஒரு பெட்டியோடு வந்து ஏறினேன். ஏறிய இரண்டாம் மாதமே அரசாங்கம் என்னை வெளி மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டது. மன்னார், முல்லைத்தீவு, கடைசியில் வவுனியா. யுத்த காலத்தில் பாதை திறந்திருந்தால் கிழமைக்கு ஒருமுறை வருவேன். பூட்டியிருந்தால் கப்பலில் எப்போது இடம் கிடைக்கிறதோ அப்போது. ஒருமுறை பதினொரு மாதம் ஆயிற்று. இடம்பெயர்ந்து ஓடியது, திரும்பி வந்து ஓடு மாற்றியது, யன்னல் போட்டது, மகளை வளர்த்துப் படிப்பித்தது எல்லாம் அவள் ஒருத்திதான். நான் வந்து பார்த்து, "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

இப்போது போகவில்லை. அதுதான் பிரச்சினை.

மகள் கனடாவில் இருக்கிறாள். நான் போனில் முறைப்பாடு செய்ததைக் கேட்டுவிட்டு, "அப்பா, மீன் வளருங்கோவன். அது சத்தம் போடாது, அம்மாவுக்கும் கரைச்சல் இல்லை" என்றாள். எனக்கு அது பிடித்துக்கொண்டது. அடுத்த நாள் காலையில் முழுகி, சேட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு, "ரவுணுக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு வாறன்" என்றேன்.

அவள் கையிலிருந்த விளக்குமாறு நின்றது. "என்னப்பா, விசரே? இண்டைக்கு வெள்ளிக்கிழமை!"

சமைக்கிற மீன் இல்லை, வளர்க்கிற மீன் என்று விளங்கப்படுத்த எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. விளங்கிய பிறகு அடுத்த வழக்கு தொடங்கியது. தொட்டியை எங்கே வைப்பது? ஹோலில் வைத்தால் மோட்டர் சத்தத்தில் ரீவி நாடகம் கேட்காது. விறாந்தையில் வைத்தால் பூனை. சாமியறைச் சுவரோரம் ஒரு நல்ல இடம் சும்மா கிடந்தது. அதைக் காட்டினேன்.

"சாமியறைக்குப் பக்கத்திலை மச்சம் வைக்கிறதோ?" புலாலுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் மச்சம்.

"உயிரோடை நீந்துறது எப்பிடியப்பா மச்சமாகும்?"

"செத்தால் மச்சம்தானே? நீங்கள் வளத்துச் சாகாமல் இருக்கப்போகுதே?"

முப்பது வருடம் அரசாங்கக் கடிதம் எழுதிய நான் அந்த வழக்கை அங்கேயே மூடினேன். கடைசியில் சாப்பாட்டு மேசைக்கும் யன்னலுக்கும் நடுவில் இடம் தந்தாள். தையல் நாடாவைக் கொண்டுவந்து அளந்து, "ரெண்டடி. அதுக்கு மேலை ஒரு இஞ்சு வந்தாலும் வெளியிலை தூக்கி வைப்பன்" என்றாள். இரண்டடி என்றாலும் முப்பத்திரண்டு வருடத்தில் எனக்கென்று அளந்து கிடைத்த முதல் காணி அது. சந்தோசமாகப் போனேன்.

கடைக்காரர் முப்பது வயது மதிக்கத்தக்க மனிதர். நான் விரலால் காட்டிய தொட்டியில் வெள்ளை உடம்பில் கறுப்பு வரி போட்ட குஞ்சுகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. "உது சிக்லிட் ஐயா. வரியைப் பாத்திட்டு வெள்ளைக்காரன் கைதி மீன் எண்டு பேர் வைச்சிருக்கிறான்" என்றார். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுத் தண்ணீர், கேத்திலில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர். மற்ற மீன் அதில் வாடும், இது கொழுக்கும் என்றும் சொன்னார். அது எனக்குப் போதும். "ஒரு சோடி தாரும் தம்பி" என்றேன்.

"சோடியெண்டு தரலாம் ஐயா. ஆனால் அது என்ரை சோடி, அதுகளின்ரை சோடி இல்லை."

"விளங்கேல்லை."

"உதுகள் தாங்களேதான் சோடி பிடிக்கும். ஆறு குஞ்சு கொண்டு போங்கோ. ஒண்டா வளரட்டும். ரெண்டு பேருக்கு ஒத்துவந்தால் ஒரு மூலையைப் பிடிச்சுக்கொண்டு மிச்சப் பேரைத் துரத்துவினம். அப்ப அந்த ரெண்டையும் விட்டிட்டு நாலையும் திருப்பித் தாங்கோ."

ஆறு மீன் சண்டை பிடிக்கிற தொட்டியை என் மனைவி இரண்டு நாள் வைத்திருக்க விடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். "அந்தக் காதல் கூத்தெல்லாம் வேண்டாம். கலியாணப் பேச்சுக்காலை நீரே முடிச்சு ஒரு பெட்டையும் ஒரு பெடியனும் தாரும்" என்றேன்.

அவர் வலையால் ஒன்றைப் பிடித்தார். வயிற்றில் செம்மஞ்சளாகப் பளபளத்தது. இவ்வளவு வடிவாக இருப்பது ஆண்தான் என்று நான் நினைத்தேன். இல்லையாம், இந்த இனத்தில் வயிற்றில் நிறம் உள்ளதுதான் பெட்டையாம். அதற்கேற்ற ஆண் இன்னும் வளரவில்லை, பத்து நாள் பொறுத்து வந்தால் இரண்டையும் ஒன்றாகத் தருகிறேன் என்றார். அங்கேதான் நான் என் மூளையைப் பாவித்தேன்.

"பெட்டையை இப்பவே தாரும். அவள் முதலிலை போய் வீட்டைச் சரிப்பண்ணி வைக்கட்டும். மாப்பிள்ளை பேந்து வரட்டும். எங்கடை வழக்கம் அதுதானே?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "ஐயா, உதுகள் அமெரிக்காப் பக்கத்து மீன். எங்கடை வழக்கம் உதுகளுக்குத் தெரியாது."

நான் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அந்த மனிதர் பகிடி விடவில்லை.

பெட்டை வந்து சேர்ந்தாள். அவளுக்கு ஒதுங்க ஓர் இடம் வேண்டுமே என்று, பின்வளவில் சும்மா கிடந்த ஒரு சிறிய மண் பூச்சாடியைத் தொட்டிக்குள் சரித்து வைத்தேன். அது சும்மா கிடக்கவில்லையாம். குரோட்டன் வைக்க எடுத்து வைத்ததாம். அதற்கு ஒரு மணித்தியாலம் பேச்சு வாங்கினேன். ஆனால் பெட்டை அதற்குள் போன விதத்தைப் பார்த்ததும் மனைவிக்குப் பேச்சு நின்றுவிட்டது. ஒரு சுற்றுத்தான் சுற்றிப் பார்த்தாள். பிறகு பூச்சாடிக்கு அடியில் இருந்த குறுமணலை வாயால் அள்ளி அள்ளி வெளியே துப்பத் தொடங்கினாள். காலையிலிருந்து பின்னேரம் வரை ஒரே வேலை. மூன்று நாளில் பூச்சாடி பாதி புதைந்து, முன்னால் மணல் கும்பியாகி, நான் நட்டு வைத்த பிளாஸ்டிக் செடிகள் எல்லாம் பிடுங்குப்பட்டு மேலே மிதந்தன.

என் மனைவி பயற்றங்காயை முறித்தபடி தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தாள். "பாத்தியளே? ஒரு ஆம்பிளையின்ரை உதவி இல்லாமல் எல்லாம் செய்து முடிச்சிட்டாள்" என்றாள். எனக்கு எங்கேயோ குத்தியது. மிதந்த செடிகளைப் பொறுக்கி எடுத்தேன்.

அதற்குப் பிறகு மீன் என் பொழுதுபோக்கு என்பது பெயருக்குத்தான். சாப்பாட்டு நேரத்தை அவள் வகுத்தாள். வெள்ளிக்கிழமை காய்ந்த புழு கூடாது, அது மச்சம், அவித்த பயறு நசித்துப் போட வேண்டும் என்றாள். கிழமைக்கு ஒருநாள் குறைத்துப் போடுவது மீனுக்கு நல்லதுதான் என்று கடைக்காரர் சொன்னதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்! "சைவம் ஆருக்குத்தான் கூடாது?" என்று இரண்டு நாள் சொல்லித் திரிந்தாள்.

பத்தாம் நாள் மாப்பிள்ளையைக் கொண்டுவந்தேன். பெட்டையை விட ஒரு நூல் பெரிது, செட்டைகள் நீளம், நிறம் மட்டும் மட்டு. பையை அரை மணித்தியாலம் தண்ணீரில் மிதக்க விட்டு, பிறகு மெதுவாகத் திறந்தேன். பாவி, அவன் ஒரு சுற்றுக்கூட ஒழுங்காகச் சுற்றவில்லை, நேரே பூச்சாடி வாசலுக்குப் போய்த் தலையை நீட்டினான். உள்ளேயிருந்து அவள் வந்த வேகத்தில் மணல் எழும்பியது. வரிகள் மை போலக் கறுத்து, செட்டை எல்லாவற்றையும் விரித்து, செவுளையும் ஊதிக்கொண்டு நின்றாள். பிறகு இடி. அவன் போன மூலையெல்லாம் அவள் மூலை. கால் மணித்தியாலத்தில் மாப்பிள்ளை பில்ரர் குழாய்க்குப் பின்னால், தண்ணீர் மட்டத்தோடு ஒட்டி, நிறம் வெளிறி, வாலில் ஒரு கடியோடு நின்றான்.

"என்னப்பா இது, கொலை செய்யுறாள்!" என்றேன்.

"வேறை என்ன செய்வாள்? உள்ளுக்கை வந்து ரெண்டு நிமிசம் ஆகேல்லை, அவள் பாடுபட்டுக் கட்டின வீட்டுக்குள்ளை தலையை விடுறார். கேட்டுக்கீட்டுப் போகத் தெரியாதே?"

"அவன் எங்கை போறது? அவனும் வாழ வந்த சீவன்தானே! ஒரு மூலையெண்டாலும் குடுக்கக்கூடாதே?"

"மூலையிலைதானே நிக்கிறார். ஆர் வேண்டாமெண்டது?"

நாங்கள் மீனைப் பற்றித்தான் கதைத்தோம். ஆனால் இரண்டு பேருடைய குரலும் மீனுக்குத் தேவையான அளவை விட உயர்ந்திருந்தது. பிறகு மகள் போன் எடுத்தபோது இருவரும் தனித்தனியே அவளிடம் வழக்குச் சொன்னோம். அவள் இரண்டு பேருக்கும் சிரித்தாள்.

அந்தக் கிழமைதான் வவுனியாவிலிருந்து அழைப்பு வந்தது. என்னோடு அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்தவர், இப்போது அரிசி ஆலை நடத்துகிறார், என்னிலும் இளையவர். "அண்ணை, வீட்டிலை இருந்து என்ன செய்யுறியள்? இஞ்சை ஆலையிலை ஆக்களைப் பாத்துக்கொள்ள நம்பிக்கையான ஒராள் வேணும். தனி அறை இருக்கு. முந்தி மாதிரிக் கிழமைக்கு ஒருக்கால் வீட்டை போயிட்டு வரலாம்" என்றார். யோசித்துச் சொல்லுகிறேன் என்றேன். மாத முடிவுக்குள் சொல்லச் சொன்னார்.

மனைவியிடம் சொல்லவில்லை. சத்தியமாக எனக்குப் போக விருப்பம் இல்லை. அறுபது வயதுக்குப் பிறகு மறுபடியும் ஒரு தனி அறை, கடைச் சாப்பாடு, கொடியில் காயும் ஒற்றைச் சாரம் என்றால் இனி என்னால் முடியாது. ஆனால் இங்கே இருப்பதற்கு எனக்கு ஓர் இடம் இல்லை. போவதா, இருப்பதா என்று என்னால் முடிவெடுக்க முடியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கோயிலில் பூப்போட்டுப் பார்ப்பதுபோல அந்த மாப்பிள்ளை மீனை வைத்துப் பார்த்தேன். அவன் குழாய்க்குப் பின்னாலிருந்து வெளியே வந்து பிழைத்தால் நான் இருப்பேன். செத்தால் வவுனியா. ஓய்வுபெற்ற ஓர் உத்தியோகத்தர் இப்படித் தீர்மானம் எடுத்தார் என்று வெளியில் தெரிந்தால் என் ஓய்வூதியத்தை நிறுத்திப்போடுவார்கள்.

அவன் வெளியே வரவில்லை. நாலாம் நாள் கடைக்காரருக்குப் போன் எடுத்தேன்.

"நான் அண்டைக்கே சொன்னனான் ஐயா. தொட்டி முழுக்க அவளின்ரை காணி. இனிப் பெட்டையைப் பிடிச்சு ஒரு வாளிக்கை விடுங்கோ. உள்ளுக்கை இருக்கிற கல்லு, சாடி, மணல் எல்லாத்தையும் இடம் மாத்துங்கோ. தண்ணியிலை பாதியையும் மாத்துங்கோ. ஒரு பகல் அவன் தனிய நிக்கட்டும். பேந்து அவளை விட்டால் வேறை வீடெண்டு நினைப்பாள். ரெண்டு பேரும் புது ஆக்கள் ஆகிடுவினம்."

இதை மனைவியிடம் சொன்னபோது அவள் முகம் மாறிப்போனது. "அவளின்ரை வீட்டை இடிக்கச் சொல்லுறானோ? மண் சுமந்து சுமந்து கட்டினதை? நான் விடன்" என்றாள். மீன் சுமந்த மணலை மட்டும் அவள் சொல்லவில்லை என்று எனக்கே தெரிந்தது. நானும் வற்புறுத்தவில்லை. சாகட்டும், வவுனியாவுக்குப் போவோம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் விடிய நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது தொட்டியடியிலிருந்து கூப்பிட்டாள். மாப்பிள்ளை சரிந்து கிடந்தான். வால் பாதி இல்லை. செவுள் மட்டும் அசைந்தது. அவள் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாவம். உது ஒரு சண்டையும் பிடிக்கேல்லையே" என்றாள். பிறகு நைட்டியின் கையை மேலே சுருட்டிவிட்டு, "சரி, வாளியைக் கொண்டாங்கோ" என்றாள்.

நான் உதவிக்கு நின்றேன், அவ்வளவுதான். பெட்டையைப் பிடித்தது, சாடியைத் தூக்கியது, மணலைக் கிளறிச் சமப்படுத்தியது எல்லாம் அவள். வலது பக்கம் இருந்த சாடியை இடது பக்கம் வாய் திருப்பி வைத்தாள். கற்களைத் தூரத் தூர வைத்தாள். வைத்துவிட்டு ஈரக் கையோடு தள்ளி நின்று பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்று தனக்குள் சொன்னாள். வாளிக்குள் பெட்டை சுற்றிச் சுற்றி ஓடினாள். மனைவி பகல் முழுக்க அந்த வாளியை விட்டு அசையவில்லை.

பின்னேரம் பெட்டையை விட்டோம். வழி தெரியாத ஊருக்குள் வந்தவள் மாதிரி நடுவில் நின்றாள். துரத்தவில்லை, தோண்டவும் இல்லை. அவன் குழாய்க்குப் பின்னாலிருந்து தலையை நீட்டிப் பார்த்தான். ஒரு சாண் வந்தான். மறுபடி போனான். மறுபடி வந்தான். நாங்கள் இரண்டு பேரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று மனைவி நாடகம் பார்க்கவில்லை. அது எங்கள் வீட்டில் சரித்திரம்.

ஒரு கிழமையில் அவன் தேறினான். பிறகு ஒருநாள் இரண்டும் ஒன்றுக்கொன்று முன்னால் நின்று உடம்பை உதறின. வாலால் தண்ணீரை விசிறி மற்றதன் முகத்தில் அடித்தன. அதற்கடுத்த நாள் வாயோடு வாய் கவ்விப் பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் இழுத்தன. முடிந்தது கதை என்று வலையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "பொறுங்கோ, முதல்லை அந்தத் தம்பியைக் கேளுங்கோ" என்று மனைவி என் கையைப் பிடித்தாள்.

"ஐயா, வலையை வையுங்கோ! உது பலம் பாக்கிறது. ரெண்டு பேரும் விட்டுக்குடுக்காமல், ஓடாமல் நிண்டால் சோடி எண்டு அர்த்தம்" என்றார் கடைக்காரர்.

"கேட்டியளே?" என்றாள் மனைவி, தான் சொன்னதுபோல.

இரண்டும் ஓடவில்லை. பிறகு சாடியின் உட்பக்கத்தை இரண்டும் வாயால் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் கூரையில் ரவை ஒட்டியதுபோல முட்டைகள் இருந்தன. பெட்டை உள்ளே நின்று செட்டையால் விசிறினாள். அவன் வாசலில் காவல் நின்றான். அந்த வெளிறிய, பாதி வால் பயல்! மூன்றாம் நாள் குஞ்சு பொரித்தது. இன்னும் ஐந்தாறு நாளில் புள்ளி புள்ளியாக நீந்தத் தொடங்கின. நான் கண்ணாடியைத் துடைக்கத் தொட்டிக்குள் கையை விட்டேன். இரண்டும் சேர்ந்து வந்து, ஒன்று விரலிலும் மற்றது மணிக்கட்டிலுமாகக் கடித்தன. நான் போட்ட சத்தத்தில் மனைவி சிரித்த சிரிப்பு பக்கத்து வளவுக்குக் கேட்டிருக்கும்.

பூப்போட்டுப் பார்த்த கணக்கில் நான் அன்றே வவுனியாவுக்கு இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மீனுக்குத் தொட்டியை மாற்றிக் கொடுத்தோம், எனக்கு யார் என்னத்தை மாற்றிக் கொடுத்தார்கள்? அதற்கு முதல் நாள்கூட, துவாயைக் கதிரையில் போட்டதற்காகத் துரத்துப்பட்டிருந்தேன். ஓம் என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தேன். கந்தோர்ப் பழக்கம். ஆனால் கந்தோரில் மறுமொழி வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கமும் உண்டு. அது எனக்கு மறந்துபோயிற்று, நண்பருக்கு மறக்கவில்லை.

மாதக் கடைசிச் சனிக்கிழமை காலமை பத்து மணிக்குக் கேற்றடியில் ஒரு வான் வந்து நின்றது. அரிசி ஆலைக்காரர் இறங்கினார். ஒரு மூட்டை அரிசியையும் தானே தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மனைவி ஒன்றும் தெரியாமல், "வாரும் தம்பி, எவ்வளவு காலம்!" என்று தேத்தண்ணி போடப் போனாள். அவர் தொட்டியடியில் குனிந்து கண்ணாடியில் விரலால் தட்டினார். இரண்டு மீனும் குஞ்சுகளை விட்டு முன்னுக்கு வந்து கண்ணாடியில் முட்டின. "அம்மாடி, கடிக்க வருதுகள்!" என்று பின்வாங்கினார்.

தேத்தண்ணி வந்தது. அவர் ஒரு மிடறு குடித்துவிட்டு, "அப்ப, அக்கா, அண்ணையின்ரை சாமானெல்லாம் கட்டியாச்சே?" என்று கேட்டார்.

"என்ன சாமான்?"

நான் தொட்டிக்குள் பார்த்தேன். குஞ்சுகளை எண்ணுகிற பாவனையில் நின்றேன்.

"அண்ணை சொல்லேல்லையே? வவுனியாவிலை எங்கடை ஆலைக்கு வாறார். தனி அறையெல்லாம் பூச்சுப் பூசி வைச்சிருக்கு."

மனைவி என்னைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அவரைப் பார்த்து, வந்த விருந்தினரிடம் கதைக்கிற அதே மரியாதையான குரலில், "தம்பி, தேத்தண்ணியைக் குடியும். ஆறப்போகுது. குடிச்சிட்டுப் போயிட்டு வாரும். அவர் வரமாட்டார்" என்றாள்.

"இல்லை அக்கா, அண்ணை மறுக்கேல்லை..."

"அவருக்கு ஒண்டையும் மறுக்கத் தெரியாது. அவருக்கு இஞ்சை வேலை கிடக்கு."

"இஞ்சை என்ன வேலை அக்கா?"

அவள் ஒரு கணம் சுற்றிப் பார்த்தாள். வீட்டில் எனக்கு என்ன வேலை என்று அவளுக்கே தெரியாது, எனக்கும் தெரியாது. "என்னோடை சண்டை பிடிக்கிற வேலை. அதுக்கு வேறை ஆள் இல்லை" என்றாள்.

அவர் சிரித்தார். பிறகு அவள் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டார். தேத்தண்ணியை மடமடவென்று குடித்துவிட்டு, அரிசி மூட்டையை மட்டும் வைத்துவிட்டு, வெறும் வானோடு போய்விட்டார். நல்ல மனிதர். இன்றைக்கும் என்னோடு கோபமில்லை.

வான் சந்தியில் திரும்புகிற சத்தம் கேட்டது. மனைவி தொடங்கினாள்.

"கேட்டனீங்களே என்னை? ஒரு சொல்லுக் கேட்டனீங்களே?"

எனக்கும் கோபம் வந்தது. குற்றம் செய்தவனுக்கு வருகிற கோபம். "என்னத்தைக் கேக்கிறது? நான் இந்த வீட்டிலை எங்கை நிண்டாலும் துரத்துறீர். நிக்க ஒரு இடமில்லை. போனால் உமக்கு நிம்மதி எண்டு நினைச்சன்."

"துரத்தினனான்தான்" என்றாள். "முந்தி எப்பவாவது துரத்தினனானே? சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போற மனிசனோடை சண்டை பிடிக்கேலுமே? ஒரு பிழை சொன்னால், அந்த முகத்தோடை பஸ்ஸிலை ஏறுவியள். வழியிலை என்ன நடக்கும், அடுத்த முறை வருவியளோ மாட்டியளோ எண்டு, வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான். முப்பத்திரண்டு வருசம். இப்பதானே வந்திட்டியள் எண்டு துணிஞ்சு ஏசுறன்."

வவுனியாக் கந்தோரில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் பெருமையாகச் சொல்வதுண்டு. எனக்கும் மனைவிக்கும் ஒருநாளும் வாய்த்தர்க்கம் வந்ததில்லை, அப்படியொரு பொறுமைசாலி எனக்கு வாய்த்திருக்கிறாள் என்று. மற்றவர்கள் பொறாமையோடு கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவள் அந்த வீட்டுக்குள் தனியே பயந்துகொண்டு இருந்ததைத்தான் நான் ஊர் முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

"நான் போகேல்லை" என்றேன்.

"போகமாட்டியள் எண்டு தெரிஞ்சபடியால்தானே துரத்தினனான்" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இனி அரிசி மூட்டைக்குப் பக்கத்திலை நில்லாமல் தள்ளுங்கோ. நான் தூக்கி உள்ளுக்கை வைக்கோணும்."

நான் தள்ளவில்லை. மூட்டையின் ஒரு பக்கத்தை அவள் பிடித்தாள், மற்றப் பக்கத்தை நான் பிடித்தேன். எங்கே வைப்பது என்பதில் எங்களுக்குள் ஒத்துவரவில்லை. அன்று மத்தியானம் வரை அதற்குச் சண்டை பிடித்தோம்.